மூன்றாவது ரவுண்டு மாஸ்டர்

எந்த பெஞ்சில் உட்கார்ந்தாலும் மாஸ்டர் இடது ஓரத்தைத்தான் பிடிப்பார். அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தால், "கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க சார், ஓரம் கிடைக்கலன்னா எனக்கு மூச்சு முட்டும்" என்று சொல்லி, இடித்துக்கொண்டாவது போய்ச் சேர்ந்துவிடுவார். டீக்கடையிலும் அப்படி, ஆஸ்பத்திரியிலும் அப்படி, சொந்தத் தம்பி மகள் கல்யாணத்திலும் அப்படித்தான். பார்க்கிறவர்கள் கிறுக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். அவருடைய இடது காது சுத்தமாகக் கேட்காது என்பது மனைவிக்கும் ஒரு காது டாக்டருக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. டாக்டர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அதிலும் கணக்கு இருக்கிறது. சொல்லிக்கொடுக்கிறவர் இடது பக்கம் உட்கார்ந்தால் கற்றுக்கொள்கிறவர் வலது பக்கம்தானே இருந்தாக வேண்டும்? "ஊர்ல எல்லாரும் படிப்புக்கேத்த வேலையத் தேடுவான். நான் காதுக்கேத்த வேலையத் தேடிக்கிட்டேன்" என்று வீட்டுக்குள் மட்டும் பெருமை அடித்துக்கொள்வார். இடது பக்கத்து ஹாரனைக் கண்ணாடியில் பார்த்தே தெரிந்துகொள்வார். ஒரு கால் எப்போதும் தன் பக்கத்து பிரேக்கின் மேல் இருக்கும்.

கோபம் வராது. வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள் நடுச்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு அழ ஆரம்பித்தபோது, பின்னால் இருந்த லாரிக்காரன் வாய்க்கு வந்தபடி திட்டினான். மாஸ்டர் நிதானமாகச் சொன்னார்: "அழாதீங்கம்மா. தூங்குற குழந்தை தலைக்கு அடியிலேருந்து கைய உருவுற மாதிரி கிளட்ச்ச விடுங்க. லாரிக்காரன விடுங்க, அவன் கத்திட்டுப் போறான். நான் வாங்கின அடிக்கு முன்னால இதெல்லாம் எந்த மூலைக்கு?"

அந்த அடிதான் அவருடைய விலாசம். குத்துச்சண்டையில் நாட்டையே கட்டி ஆண்ட சாம்பியனிடம் மூன்றாவது ரவுண்டில் விழுந்தவர் இவர். அதனால்தான் 'மூன்றாவது ரவுண்டு மாஸ்டர்.' துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகன் சாம்பியன். தானும் மூட்டை தூக்கியே திரண்ட தோளோடு மேடை ஏறி, பெரிய பெரிய ஆட்களையெல்லாம் படுக்கவைத்துவிட்டு இறங்கியவர். அவரைப் பற்றித் தெரியாதவர்களுக்கும் அந்தப் புகைப்படம் தெரியும். சாம்பியன் வலது கையை மடக்கியபடி நிற்பார். கீழே ஒருவர் மல்லாந்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கிடப்பார். முடிவெட்டும் கடை தவறாமல் மாட்டியிருக்கும் படம் அது.

மாஸ்டருக்கு அதில் வெட்கம் கிடையாது. "அந்தப் படத்துல நான் இல்லன்னா அவர் சும்மா கைய ஆட்டிக்கிட்டு நிக்கிற ஆளு" என்பார். ஒருமுறை ஒரு முடிவெட்டும் கடைக்காரர் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று படத்தின் கீழ்ப்பாதியை வெட்டிவிட்டார். மிஞ்சியது மாஸ்டரின் கால் மட்டும்தான். பாதி சவரத்தில் எழுந்துகொண்டார். "கால் மட்டும் இருந்தா அது என் காலுன்னு யாருக்குய்யா தெரியும்?" முழுப் படத்தை மாட்டிய பிறகுதான் மீதி சவரம் நடந்தது.

அந்த மூன்றாவது ரவுண்டு அடி நேராக இடது காதின் மேல் இறங்கியது. சில நாளில் சரியாகிவிடும் என்று இருந்தார். ஆகவில்லை. டாக்டர் வீட்டு முன்னறையில் காத்திருந்தபோது ரேடியோவில் சாம்பியனின் பேட்டி வந்தது. ரேடியோ நல்ல வேளையாக அவருக்கு வலது பக்கம் இருந்தது. "எத்தனையோ பேர அடிச்சிருக்கேன். ஆனா என் கையால ஒருத்தனும் முடமானதில்ல. அப்படி ஒருத்தன் ஆனான்னு தெரிஞ்சா, மறுநாளே கிளவுஸக் கழட்டிடுவேன்." சாம்பியன் சொன்னால் செய்கிற ஆள். இது ஊருக்கே தெரியும்.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, இனி அந்தக் காது அவ்வளவுதான் என்றார். மாஸ்டர் அன்றைக்கே வாயைக் கட்டிக்கொண்டார். தியாகம் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். மனைவியிடம் சொன்ன காரணம் வேறு: "அவர் பெரிய ஆளா இருந்தாத்தானே அவர்கிட்ட அடி வாங்கின நானும் ஒரு ஆளு? அவர் பாதியில எறங்கிட்டா, நான் யார்கிட்ட தோத்தேன்னு சொல்லிக்கிறது?"

மனைவிக்கு இதில் தீராத மனக்குறை. "அடிச்சவருக்குத் தெரியக்கூடாதாம். கட்டிக்கிட்டவ மட்டும் ஆயுசுக்கும் கத்தணுமாம்." ஆனால் அவரும் வெளியே மூச்சு விட்டதில்லை. சாம்பியன் அதற்குப் பிறகு கடல் கடந்து போய் ஜெயித்த ஒவ்வொரு பட்டத்தையும், ரேடியோவை அவருக்கு வலது பக்கம் வைத்துக்கொண்டு, இருவரும் கூட்டணியாகவே கேட்டார்கள். அதிலெல்லாம் தன் காதுக்கும் ஒரு பங்கு உண்டு என்று மாஸ்டர் மனதார நம்பினார். அந்த நம்பிக்கை அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஓய்வு பெற்றபின் சாம்பியன் இவரைத் தேடிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சாம்பியன் வீட்டு பால்கனியில் இரண்டு நாற்காலி. மாஸ்டர் இடது நாற்காலியில். "இந்தப் பக்கம் காத்து நல்லா வருதுண்ணே" என்று ஆரம்பத்தில் ஒரு சாக்குச் சொன்னார். பிறகு சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. "வேற யாராவது அதுல உக்காந்தா அப்பா எழுப்பி விட்டுடறாரு" என்று சாம்பியனின் மகள் ஒருநாள் சொன்னாள். பழைய எதிராளிக்குக் காட்டும் மரியாதை என்று மாஸ்டர் எடுத்துக்கொண்டார். முடமாகாத எதிராளிகளைப் பற்றிய அந்த வாக்கியத்தையும் சாம்பியன் சில வருடங்களாகப் பேட்டிகளில் சொல்வதில்லை. வயதாகிவிட்டது, மறந்திருப்பார்.

போன மாதம், சாம்பியன் பழகிய பயிற்சிக்கூடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அவரோடு மோதியவர்களில் உயிரோடு இருப்பவர் மாஸ்டர் ஒருவர்தான். அதனால் மேடையில் இடம். போய்ப் பார்த்தால் நடு நாற்காலி சாம்பியனுக்கு, மாஸ்டருடையது அதற்கு வலது பக்கம். சாம்பியன் வந்து உட்கார்ந்தால் செத்த காதுப் பக்கம்தான் இருப்பார். அவர் ஏதாவது கேட்டு, இவர் பேந்தப் பேந்த விழித்தால், இத்தனை வருடமாகக் கட்டிக்காத்தது இத்தனை பேர் முன்னால் போய்விடும். அதுவும் சாம்பியனுக்கு மாலை போடுகிற நாளில்.

"தம்பி, எனக்கு ஓரம் இல்லன்னா மூச்சு முட்டும். கொஞ்சம் அந்தப் பக்கம் மாத்திக்கறேனே" என்று மேடைப் பொறுப்பாளரிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"மேடையில ஓரம் கீரம்லாம் கிடையாது சார். பேர் ஒட்டியாச்சு. உக்காருங்க."

மாஸ்டர் உட்கார்ந்தார். கழுத்து வலி என்று சொல்லி உடம்போடு திரும்பிக்கொள்ளலாமா என்று யோசித்தார். முன்வரிசையில் இருந்த மனைவி, சிரித்துச் சமாளியுங்கள் என்று கண்ணாலேயே சொன்னார். கைதட்டல் எழுந்தது. மகளின் தோளைப் பிடித்தபடி சாம்பியன் படியேறி வந்தார். நடு நாற்காலியைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். உட்காரவில்லை. மகளின் தோளிலிருந்து கையை எடுத்து, கைத்தடியை முழங்கையில் மாட்டிக்கொண்டு, அந்தப் பெரிய நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்தார். பலகையில் அது கறகறவென்று தேய்ந்த சத்தத்தில் கைதட்டலே நின்றுபோயிற்று.

பொறுப்பாளர் பதறி ஓடிவந்தார். "ஐயா, உங்க இடம் நடுவுல."

"என் இடம் எதுன்னு எனக்குத் தெரியும்ப்பா."

யாரையும் தொடவிடாமல், நின்று நின்று மூச்சு வாங்கி, மாஸ்டரின் பின்னால் சுற்றிக்கொண்டுபோய், நாற்காலியை அவருடைய வலது பக்கத்தில் போட்டார். உட்கார்ந்தார். பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதுபோலவே, கேட்கிற அந்தக் காதின் பக்கம் மெல்லக் குனிந்தார்.