ஓர் அடி ஸ்கேலும் ஒரு குதிரை வயிறும்

மாடு ஆடு பார்க்கத்தான் அரசாங்கம் நம்மை வேலைக்கு வைத்திருக்கிறது. குதிரை வந்து நின்றால் பழைய பாடப்புத்தகத்தைத் தேடி ஓட வேண்டியதுதான். என்னைப் போல அவதிப்பட்ட கால்நடை டாக்டர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காற்றுப் பார்ப்பது

ராமேஸ்வரத்தில் நான் வேலை பார்த்த எண்பதுகளில், யாத்திரை வந்தவர்கள் கோயிலில் தேடிய புண்ணியம் போதாமல் ஜட்கா வண்டிக் குதிரையின் வாயிலும் தேடுவார்கள். மீந்த பூரி, பழம், பொங்கல் எல்லாம் அதற்குத்தான். அப்படி வயிறு உப்பிய தன் குதிரையை ஒரு காலையில் கூட்டி வந்தார் வண்டிக்காரர் சீனி பாய்.

மருந்து போதுமா, துளை போட்டுக் காற்றை எடுப்பதா என்பதை வயிற்றின் அழுத்தத்தை வைத்து முடிவு செய்ய நினைத்தேன். விலாவில் ஊசி செருகி, அதில் தண்ணீர் நிரப்பிய சலைன் குழாயை மாட்டி நிமிர்த்திப் பிடித்தால், தண்ணீர் ஏறி நிற்கும் உயரம்தான் அழுத்தம். மருந்தகத்தில் அதற்குக் கருவி இல்லை. மகளின் பள்ளிக்கூட ஸ்கேலில் குழாயைக் கட்டினேன். சீனி பாய் கேட்டார்: "காத்துப் பாக்கணும்னா சைக்கிள் கடைக்கே போயிருப்பேனே, டாக்டரய்யா?"

இறங்கிய அழுத்தம்

ஸ்கேலின் அடிமுனை குதிரையின் தோளுக்கு நேராக இருக்க வேண்டும். அப்படி வைத்தபோது தண்ணீர் இருபத்தெட்டு சென்டிமீட்டரில் நின்றது. மருந்து போட்டேன். "இருபதுக்குக் கீழே இறங்கினால் பயமில்லை" என்று சொல்லி ஸ்கேலை அவர் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் காத்திருந்த ஆடுகளைப் பார்க்கப் போனேன். அங்கிருந்தே அவ்வப்போது கேட்டேன். "இருபத்தஞ்சு" என்றார். அப்புறம் "இருபது". அப்புறம் "பதினஞ்சு". என் கைராசியை நானே மெச்சிக்கொண்டு வந்து பார்த்தால், ஸ்கேல் அவர் தலைக்கு மேலே இருந்தது. தண்ணீர் நின்ற உயரத்திலேயே நிற்கும், ஸ்கேலைத் தூக்கத் தூக்க எண் மட்டும் குறையும் என்று மனிதர் கண்டுபிடித்துவிட்டார்.

பழைய இடத்துக்கு இறக்கினேன். தண்ணீர் ஸ்கேலையே தாண்டியது. கத்தித் தீர்த்தேன். குதிரைக்காரர் கையிலேயே அளவைக் கொடுத்த முட்டாள் நான்தான் என்பது பிறகுதான் உறைத்தது. துளை போட்டுக் காற்றை எடுத்ததும் எண் நிஜமாகவே இறங்கியது, குதிரை பிழைத்தது. சீனி பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இது சாஞ்சா எங்க வீட்டுல உலை ஏறாது. எறங்கணும்னு சொன்னீக, எறக்கிட்டேன்."

ஆய்வு

அடுத்த மாதம் ஆய்வுக்கு வந்த மேலதிகாரியிடம் இந்தக் கதையைச் சொல்லி, முறையான கருவி ஒன்று கேட்டேன். ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் மகள் எழுதியிருந்த பெயரையும் வகுப்பையும்கூட விடாமல் படித்தார். பிறகு, "கருவிகள் போதுமான அளவில் உள்ளன" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜீப்பில் ஏறும்போது சொன்னார்: "குதிரைதான் பிழைச்சிடுச்சே, அப்புறம் எதுக்குக் கருவி?"

சீனி பாய் ஸ்கேலைத் தூக்கிப் பிடித்தது ஒரே ஒரு நாள், அதுவும் பயத்தில். நம் இலாகாவோ கை வலிக்காமல் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறது.