கைக்குட்டை கட்டிய மைக்

பேத்தியின் ஞானஸ்நான விருந்துக்கு எங்கள் குடியிருப்பின் கூடத்தில் எந்த ஸ்பீக்கர் வைக்கலாம் என்று மகன் கேட்டான். நான் வழக்கம்போலப் போய் மின்விசிறிகளை எண்ணிவிட்டு வந்தேன். எட்டு. எட்டும் சேர்ந்து சுற்றினால் பேசுவது யார் காதில் விழும்? "அப்பா, அறுபது பேர்தான் வராங்க" என்று சிரித்துக்கொண்டே சக்கரம் வைத்த ஒரு பெட்டியை உருட்டி வந்து நிறுத்தினான். கூடவே வயர் இல்லாத மைக், அதன் தலையில் ஒரு பஞ்சுறை. சோதித்துப் பார்க்க வாயருகே கொண்டுபோனேன். வாடகைக்குக் கொடுத்தவர் எதைப் போட்டுத் துடைத்தாரோ, யூடிகோலோன் வாசனை அடித்தது.

அவ்வளவுதான். திருமுல்லைவாயிலில் நின்றிருந்தவன் பட்டாபிராமில் எங்கள் பழைய வீட்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. தங்கை ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். அப்பாவுக்கு முந்தைய வருடம்தான் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. மாதா கோவிலில் அவர் பைபிள் வாசகம் படித்தால் கடைசி வரிசையில் தூங்குகிறவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தக் குரல் இப்போது சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குகிற சத்தமாகிவிட்டது. வரவேற்பில் பெண்ணின் அப்பா மைக்கில் நாலு வார்த்தை பேசுவது எங்கள் வழக்கம். "அண்ணனுக்குப் பதிலா நான் பேசிடுறேன்" என்றார் சித்தப்பா. "அப்பா பேசலேன்னா நான் மேடை ஏற மாட்டேன்" என்றாள் ஸ்டெல்லா. கண்ணாடி முன்னால் நின்று அப்பா உதட்டை அசைத்துப் பார்ப்பதை நான் பார்த்துவிட்டேன்.

சம்பந்தி வீட்டார் முன்னால் அவர் வாயசைத்து, ஒன்றும் கேட்காமல் போய்விட்டால்? எனக்குச் சோறு இறங்கவில்லை. செட் பார்க்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

அந்த நாளில் சவுண்டு செட் என்றால் கோன்தான். புனல் மாதிரி வாய் அகன்ற அந்த ஸ்பீக்கரைத் தெருவைப் பார்த்துத்தான் கட்டுவார்கள். பந்தலுக்குள் இருப்பவனுக்குக் கோனின் முதுகுதான் தெரியும். ஆவடியில் செட் வைத்திருந்த ஏகாம்பரம் உற்சாகமாகச் சொன்னார்: "ஆறு கோன் கட்றேன் சார். ஸ்டேசன் வரைக்கும் கேக்கும்."

"பந்தலுக்குள்ள கேக்குமா?"

"உள்ள கீறவங்க சாப்ட வந்தவங்க. அவங்களுக்கு இன்னாத்துக்கு சார்?"

வாதாடி, நாற்காலிகளைப் பார்த்தபடி இரண்டு பெட்டி ஸ்பீக்கர் வைக்கச் சம்மதிக்க வைத்தேன். கோனே வேண்டாம் என்றபோது சித்தப்பா குறுக்கே விழுந்தார். "கோன் பாடாத கல்யாணமா? ஓடிப்போய்க் கட்டிக்கிட்டாங்கன்னு நினைப்பாங்கடா." சரி, தெருவுக்கு ஒரே ஒரு கோன்.

கல்யாணத்தன்று காலையில் ஒத்திகை. அப்பா மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி, கைகட்டி நின்று பேசினார். ஒன்றும் கேட்கவில்லை. ஏகாம்பரம் சத்தத்தைக் கூட்டினார். மைக் வீலென்று அலறியது, முருங்கை மரத்துக் காக்கைகள் பறந்தன.

"வாயாண்ட வெச்சிகினு பேசு நைனா."

அப்பா தலையை ஆட்டி மறுத்தார். "எச்சில் படும்" என்றார். கோவிலிலும் அவர் அப்படித் தள்ளி நின்றே படித்தவர். அந்தக் குரலுக்கு அது போதுமாக இருந்தது.

"மைக்குக்கு இன்னா நைனா எச்சி? ஊரே அதுல பேசிகீது."

"அதனாலதான்" என்றார் அப்பா.

பாதி பின்னிய தலையோடு ஸ்டெல்லா வந்தாள். இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்து மைக்கின் தலையில் போர்த்தி, பூக்கட்டும் நாரால் கட்டினாள். யூடிகோலோன் தெளித்த கைக்குட்டை. "இது இப்ப என் கைக்குட்டைப்பா. எச்சில் படட்டும்."

அப்பா கைக்குட்டையில் மூக்கு உரசுகிற அளவு நெருங்கினார்.

மாலையில் அவர் பேசினார். "என் பொண்ணை வாழ்த்த வந்தீங்க. சந்தோஷம். எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்." அவ்வளவுதான் பேச்சு. ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து காதோடு சொன்னதுபோல் இருந்தது. விசிறிக்கொண்டிருந்த சம்பந்தியம்மாள் விசிறியை மடியில் வைத்துவிட்டார்.

தெருக்கோனை மறந்துபோயிருந்தேன். ரயிலைவிட்டு இறங்கி டிபன் கேரியரும் கையுமாக வந்துகொண்டிருந்தவர்கள் அதைக் கேட்டு நின்றுவிட்டார்கள். கோவிலில் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் பாதிப்பேர். "வாசகம் படிக்கிறவரா பேசுறாரு?" என்று பந்தலுக்குள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"யாருடா இவங்கள்லாம்?" என்றார் சித்தப்பா.

"அப்பா கூப்பிட்டாரு" என்று சொல்லிவிட்டு இலைகளை எண்ண ஓடினேன். எல்லாருக்கும் போதுமாக வந்தது. கடைசிப் பந்தியில் பிரியாணி தீர்ந்து எனக்குச் சோறும் ரசமும்தான். அவ்வளவு நிம்மதியாக நான் ரசம் சாப்பிட்டதே இல்லை.

அப்பாவும் ஸ்டெல்லாவும் இப்போது இல்லை. பட்டாபிராம் வீட்டு இடத்தில் மூன்று மாடி நிற்கிறது.

பேத்தியின் விருந்தில் நானும் நாலு வார்த்தை பேசினேன். எட்டு விசிறியையும் மீறி எல்லார் காதிலும் விழுந்தது. வீணாகத்தான் பயந்திருக்கிறேன். அந்த நிம்மதியில் காற்றுக்காக வாசல் கேட் வரை நடந்தேன். கூடத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கேட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"உள்ள இன்னா சார் விசேஷம்?" என்றார் காவலாளி.

"பேத்திக்கு ஞானஸ்நானம். சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

கேட்டுக்கு வெளியே, ரயிலைவிட்டு இறங்கி வந்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். என் குரல் எட்டியது காவலாளி ஒருவருக்குத்தான்.