பந்து எழும்பாத தரை

கடலூரில் ஒரு பெரிய பங்களாவில் எங்கள் வீட்டுக்காரர் முப்பது வருஷம் தோட்டவேலை பார்த்தார். பின்பக்கத்துப் புல்தரையில் முதலாளி வீட்டார் ஆடுகிற ஆட்டத்துக்குப் பேர் குரோக்கே. நான் படித்தது மூன்றாம் வகுப்புதான், ஆனாலும் இதைப் பிழையில்லாமல் சொல்வேன். வளைத்த கம்பிகளைப் புல்லில் நட்டிருப்பார்கள். நீளக் காம்பு போட்ட கொட்டாப்புளியால் மரப்பந்தைத் தட்டி அந்த வளைவுக்குள் உருட்டிவிட வேண்டும். ஓட்டமும் இல்லை, கூச்சலும் இல்லை. முதலாளியம்மா பட்டுப்புடவை கசங்காமல் ஆடுவார்.

வீட்டுக்காரர் வேலையை விட்டதும் சிதம்பரத்தில் மகள் இருக்கும் தெருவுக்கு வந்தோம். தெருப் பிள்ளைகளிடம் "ஆட்டத் தரைதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். ஆட்டம் என்றால் அவர்களுக்கு கிரிக்கெட்தானே. பொங்கலுக்குப் போட்டி வைத்தார்கள், பிட்ச் போட்டுத் தரச் சொல்லி வீடு தேடி வந்து கேட்டார்கள். வந்த ஊரில் அவருக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. மறுக்க மனசு வரவில்லை.

"கிரிக்கெட் தரை உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தரைன்னா தரைதான், போடி."

பத்து நாள் காலையும் மாலையும் தண்ணீர் விட்டார். புல்லைச் சீவி, உரம் போட்டு, ஜமக்காளம் விரித்த மாதிரி வைத்திருந்தார். போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது பிள்ளைகள் பந்து போட்டுப் பார்த்தார்கள். விழுந்த பந்து எழும்பவே இல்லை, அப்படியே உருண்டு போனது.

கேப்டன் பையன் செல்போன் கடை வைத்திருப்பவன். "மாமா, இதுல பந்தும் தூங்கும், நாங்களும் தூங்கலாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் குமராட்சிப் பக்கத்துப் பெண். நெல் அடிக்கக் களம் போட்டு வளர்ந்தவள். களம் என்றால் கல் மாதிரி இருக்க வேண்டும். உருளுகிற பந்துக்கு மெத்தென்ற புல், குதிக்கிற பந்துக்குக் கெட்டித் தரை, இவ்வளவுதானே சங்கதி? மறுநாள் விடியும்போதே கேப்டன் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"புல்லைச் செதுக்குங்கடா. தரை இடிக்கிற திமிசுக்கட்டை கொண்டாங்க. அப்படியே ரெண்டு கூடை சாணி."

"சாணியா? அத்த, அதுலயா பந்து போடுறது?"

"நீ தின்ன சோறே அதுலதான்டா வந்துச்சு. தூக்கு கூடைய."

ஈரம் இழுக்கும் வரை காத்திருந்து அடித்தோம். மறுபடி தண்ணீர் தெளித்து அடித்தோம். மேலே சாணியை மெல்லிசாக மெழுகி வெயிலில் காயவிட்டோம். முதல் நாள் இவர் எட்டியே பார்க்கவில்லை. இரண்டாம் நாள் வந்தார், என் கையிலிருந்த திமிசை வாங்கிக்கொண்டார்.

போட்டியில் பந்து இடுப்பளவு எழும்பியது. பரிசு கொடுக்கும்போது "பிட்ச் போட்ட நம்ம மாமா" என்று மைக்கில் கூப்பிட்டுச் சால்வையை விரித்தார்கள். இவர் மைக்கைக் கையில் வாங்கினார்.

"கிரிக்கெட் தரை நான் போட்டதே இல்லப்பா. நான் பார்த்தது குரோக்கே. பந்து உருளுற ஆட்டம். இது எங்க வீட்டம்மா அடிச்ச தரை. சால்வைய அவுங்களுக்குப் போடுங்க."

கேப்டன் சிரித்துவிட்டான். "நாத்தங்காலு மாதிரி தண்ணி வுட்டப்பவே தெரியும் மாமா. பத்து நாளு தவறாம வந்தீங்கல்ல, அதுக்குத்தான் இது. அத்தைக்கு வேற வச்சிருக்கோம்."

ஆளுக்கொன்று போர்த்தினார்கள். என்னுடையது அவருடையதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி ஜரிகை. அப்புறம் ஒருவன், "அந்த உருளுற ஆட்டம் எப்படி மாமா?" என்றான். இவர் மண்ணில் குந்திக் குச்சியால் வளைவு வளைவாகக் கோடு கிழித்துக் காட்ட ஆரம்பித்தார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் கூப்பிடவில்லை.