பேர்கூடத் தெரியாமல் தேடினேன்

மூன்று வருடங்களுக்கு முன், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், குற்றாலம் மெயின் அருவியில் நடந்தது இது. அப்பாக்கள் எதற்கும் கலங்க மாட்டார்கள் என்று நினைக்கிற பிள்ளைகளுக்காகவே எழுதுகிறேன். அன்று நான் நன்றாகக் கலங்கினேன்.

எனக்கு ஊர் குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இலஞ்சி. தேங்காய் மண்டியில் வேலை. மனைவி நோயில் போய்ப் பல வருடமாகிவிட்டது. மகள் திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் பேச ஆள் கிடையாது.

அருவிக்குத் தனியாகப் போகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. குளிக்க இறங்கினால் பையை யாரிடம் கொடுப்பது? அந்த சீசன் தொடக்கத்தில் நான் அப்படி முழித்துக்கொண்டு நின்றபோது ஒரு பெண் வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது.

"தனியாத்தான் வந்திருக்கீயளா? இதைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. நான் வந்ததும் நீங்க போங்க, உங்க பையை நான் வச்சிக்கிடுதேன்."

அதன்பிறகு ஞாயிறுதோறும் அதே இடம். பை கைமாறும்போது பேசுவதுதான் பேச்சு. தென்காசியில் தையல் கடையில் வேலை, தனியாக இருக்கிறேன் என்றார். அவருடைய வலது மணிக்கட்டு கோணலாக இருக்கும். ஒருநாள் கேட்டேன். "வீட்டுக்காரரு உடைச்சது. அன்னைக்கே அந்த வீட்டை விட்டு இறங்கி வந்துட்டேன்" என்றவர், அருவியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமையே எனக்கு அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்று இருக்கும். வெட்கமாகவும் இருக்கும். மகளிடம் போனில் சொல்ல வாய் வராது. அவரிடம் பேரைக் கேட்கவும் கூச்சம்.

அந்த ஆடி ஞாயிறன்று பையை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் குளிக்கப் போன கொஞ்ச நேரத்தில் தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது. அபாயச் சங்கு ஊதியது. போலீஸ்காரர்கள் விசிலடித்து எல்லாரையும் வெளியேற்றினார்கள். பெண்கள் ஈரத்துணியோடு ஓடி வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவர் இல்லை. அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் பாதுகாப்பு ஆர்ச்சுக்கு மேலே தண்ணீர் தாவி விழத் தொடங்கியது. பெண்கள் குளிக்கிற பக்கம் போகப் பார்த்தேன். ஒரு போலீஸ்காரர் தடுத்தார்.

"யாரைத் தேடுதீரு? பேரு என்ன?"

தெரியாது என்றேன்.

"சரி, அவங்க உமக்கு என்ன வேணும்?"

கையிலிருந்த அவருடைய பையைத் தூக்கிக் காட்டினேன்.

"பேரு தெரியாது, முறை தெரியாது. பொம்பளை பை மட்டும் உம்ம கையில எப்படிவே வந்துச்சு?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவர்கள் சிரித்தது உறைக்கவில்லை. கண் முழுக்க அந்தத் தண்ணீர்தான்.

பின்னாலிருந்து ஒரு சத்தம். "ஏன் இங்கனயே மரம் மாதிரி நிக்கீய? எங்களை அந்தப் பக்கமா விரட்டிவிட்டுட்டாங்க. நான் அங்கன உங்களைக் காணாமப் பதறிக்கிட்டு வாரேன்."

அவர்தான். பல் தந்தியடிக்க நின்றார். போலீஸ்காரர் அவரிடம், "இவரு யாரும்மா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டு ஆளுதான் சார். விடுங்க."

டீக்கடைக்குப் போனோம்.

"யாராச்சும் மறுபடி கேட்டா என்ன சொல்லுவீய?" என்றார்.

"நீங்க சொன்னதையேதான்."

"அப்போ மொதல்ல பேரைக் கேட்டு வச்சிக்கிடுங்க."

கேட்டேன்.

சாயங்காலம் மகளுக்குப் போன் செய்து, முற்றத்தில் நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் கேட்டாள்: "எப்பா, அவங்க அம்மா மாதிரி உங்களைத் திட்டுவாங்களா?"

"இன்னைக்கே திட்டிட்டாங்கம்மா."

"அப்போ சரிப்பா. லீவுக்கு வரும்போது நான் பாக்கணும்."

பிள்ளைகளே, இப்போது எங்கள் வீட்டில் நானும் அவரும் இரண்டு பேர் இருக்கிறோம். ஆனாலும் தையல் கடையிலிருந்து அவர் வரக் கொஞ்சம் தாமதமானால் நான் வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடக்கிறேன். இப்படிப் பதற ஒருவர் இருப்பதும் ஒரு கொடுப்பினை என்று இந்த வயதில்தான் எனக்கு விளங்கியது.