டிபன் என்று எழுதிய நாள்

கஞ்சி போட்டுத் தேய்த்த மேசைவிரிப்பின் சூடான வாசனையோடுதான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே பங்களாவின் மத்தியானங்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. அப்பா அங்கே சமையல்காரர். பங்களாவுக்குப் பின்னால் இருந்த இரண்டறை வீட்டில் அவரும் அம்மாவும் நானும் குடியிருந்தோம். பங்களாவில் இருந்த வெள்ளைக்காரத் துரை ரயில் பாதை இஞ்சினியர். அவருக்கும் அவர் மனைவி துரைசானிக்கும் பிள்ளைகள் இல்லை.

அந்த வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. துரையும் துரைசானியும் மட்டும் சாப்பிட்டால் அது "டிபன்". விருந்தாளி வந்தால், அதே நேரத்தில் அதே மேசையில் நடப்பது "லஞ்சன்". காலையில் துரைசானி சொல்லும் சொல்லை வைத்துத்தான் கோழி அறுப்பதா, முதல் நாள் இறைச்சியைக் கறியாக்குவதா என்று அப்பா முடிவு செய்வார். "அந்தம்மா வாயில வர்ற ஒரு வார்த்தையிலதான் என் அடுப்பே எரியுது" என்பார். கான்வென்ட் பள்ளியில் படித்த என் கையெழுத்து உருண்டையாக இருந்ததால், சாப்பாட்டு மேசையில் வைக்கும் சிறு அட்டையை எழுதும் வேலை எனக்கு வந்தது. மேலே அந்தச் சொல், கீழே பதார்த்தங்கள். எனக்கு அப்போது பத்து வயது.

ஒரு மழைக்காலத்தில் மலேரியா கண்டு, ஆறே நாளில் துரைசானி இறந்துபோனார். துரை பேச்சைக் குறைத்துக்கொண்டார். அப்பா வைத்ததைச் சாப்பிட்டார். இரண்டு மாதம் போயிருக்கும், ஒரு சனிக்கிழமை காலையில் அவர் அப்பா சமைக்கும் குசினி வாசலில் வந்து நின்று, துரைசானி இழுத்துச் சொல்வதைப் போலவே "லஞ்சன்" என்றார். எத்தனை பேர் என்று அப்பா கேட்டதற்கு இரண்டு விரலைக் காட்டினார்.

ஒரு மணிக்கு யாரும் வரவில்லை. துரை எதிர் நாற்காலியை இழுத்துவிட்டு, யாரோ உட்காரும்வரை நிற்பவரைப்போல் நின்று, பிறகு தானும் உட்கார்ந்தார். மெதுவாகப் பேசிக்கொண்டே சாப்பிட்டார். முடிந்ததும் வாசல்வரை நடந்துபோய், வெறும் பாதையைப் பார்த்துக் கையை உயர்த்தி வழியனுப்பினார். அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் இதுவே நடந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. டிபன் என்று எழுதினால் விருந்தாளி வர முடியாது என்று கணக்குப் போட்டு, நாலாவது சனிக்கிழமை அட்டையில் அப்படியே எழுதிவிட்டேன். துரை அதை எடுத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, தமக்குத் தெரிந்த தமிழில், "சரிதான் லூர்து. அவ விருந்தாளி இல்லே" என்றார்.

அன்று அவர் வாசலுக்குப் போகவில்லை. வழியனுப்ப யாரும் புறப்படவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாளிலிருந்து தினமும் இரண்டு தட்டுகள். துரை வேலைக்குப் போவதை நிறுத்தினார். முகம் வற்றிக்கொண்டே வந்தது. எதிர்த் தட்டில் வைத்தது அப்படியே இருக்கும். கண்ணாடித் தம்ளரில் மட்டும் தண்ணீர் ஒரு விரலளவு குறைந்திருக்கும். "சூட்டுல வத்தியிருக்கும்" என்றார் அப்பா. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், "உள்ள கூட்டியாந்தது உன் கைதான். நீயே மாத்தி எழுதிடு" என்றாள். அவள் என்னைத் திட்டவில்லை.

மறுநாள் "லஞ்சன்" என்று எழுதி, எழுத்துக்குக் கீழே துரைசானிக்குப் பிடித்தபடி ஒரு கோடும் இழுத்து வைத்தேன். துரை படித்தார்.

"யார் சொன்னா?"

"துரைசானி சொன்னாங்க" என்றேன்.

அப்படிச் சொல்ல நான் நினைத்திருக்கவில்லை. சிறுபிள்ளையில் சொன்ன பொய்களையெல்லாம் மாதா கோயிலில் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. இது பொய்தானா என்று எனக்கே தெரியாது.

துரை அன்று சாப்பிடவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து, எதிர் நாற்காலியைப் பின்னால் நகர்த்தி, பக்கத்தில் ஒருவருக்கு இடம் விட்டபடி வாசலுக்கு நடந்தார். மழைச் சாரல் சட்டையை நனைக்க, நெடுநேரம் கையை உயர்த்தியபடியே நின்றார். திரும்பி வந்து, அப்பாவிடம் ஒரு விரலைக் காட்டினார். அந்த மாதமே கிள்ளான் பக்கத்துத் துறைமுகத்தில் கப்பலேறிச் சீமைக்குப் போய்விட்டார்.

அந்தப் பங்களா வரிசை இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. கிணற்றையும் மூடிவிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு, ஒரு கல்லறைத் திருநாளில் துரைசானிக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்று வெள்ளைக்காரர்களின் பழைய இடுகாட்டுக்குப் போனேன். காவலாளி பதிவேட்டைத் திறந்து, "யார் பேரும்மா?" என்று கேட்டார். நாங்கள் அவரைத் துரைசானி என்று மட்டுமே கூப்பிட்டிருக்கிறோம். மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்தபடி, ஏதாவது ஒரு பெயர் நினைவுக்கு வராதா என்று அந்த மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.