கடைமடை வரியை மேலே இழுத்த கதை

"இந்தப் பொட்டிக்கு என் கரும்பலகையே தேவலாம்மா!" என்றார் காதர் பாய்.

பாய் துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, திருக்காட்டுப்பள்ளியில் அறுவடை மெஷின் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். எந்த வயலுக்கு மெஷின் எப்போது போகும் என்று பார்க்க சாஃப்ட்வேர் கேட்டார். எங்கள் தஞ்சாவூர் ஆபீசுக்கு அதுதான் முதல் ஆர்டர். "இது போச்சுன்னா ஆபீசைப் பூட்டிட்டு எல்லாரும் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதுதான்" என்று எங்கள் முதலாளி மனோகர் சார் சொல்லியிருந்தார்.

பாயின் பலகையில் இருந்தபடியே, தண்ணீர் பாயும் வரிசையில் லிஸ்ட் போட்டிருந்தேன். தண்ணீர் முதலில் வரும் தலைமடை வயல்கள் மேலே, கடைசியில் வரும் கடைமடை கீழே. முதலில் நட்டவருக்கு முதலில் அறுப்பு. ஆனால் மழை வரும்போலிருந்தால் வரிசை மாறும். கடைமடைப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கினால் மெஷின் புதைந்துவிடும், அவர்களுக்குத்தான் முதலில் அறுக்க வேண்டும்.

பாயின் கடைக்கே போய் சாஃப்ட்வேரைக் காட்டிய அன்றைக்கும் வானம் கறுத்திருந்தது. பாய் கடைசி வரியை, கடைமடை வேலாயுதத்தின் வயலை, மவுஸால் பிடித்து மேலே இழுத்தார். திரையின் மேல் ஓரத்துக்கு வந்தது, அவ்வளவுதான். மேலே மறைந்திருந்த வரிகளைக் காட்ட லிஸ்ட் நகரவே இல்லை.

"எனக்கு ஓடிச்சே பாய்!" என்று மவுஸை வாங்கி இழுத்தேன். ஜோராக ஓடியது. அவர் இழுத்தார், நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் அவர் கையைப் பார்த்தேன். ஓரத்தில் கொண்டுபோய் ஆடாமல் அசையாமல் வைத்திருந்தார்.

"ஏன் பாய் அப்படியே வச்சிருக்கீங்க?"

"அது வர்ற வரைக்கும் புடிச்சுக்கிட்டு இருக்கேன். வேற என்ன செய்யச் சொல்றே?"

அட கடவுளே! என் கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. மவுஸ் அசையும்போது கம்ப்யூட்டருக்கு வரும் சேதியில், அதாவது ஈவென்ட்டில்தான், லிஸ்டை நகர்த்தும் ஸ்க்ரோலை எழுதியிருந்தேன். அசையாவிட்டால் ஈவென்ட் ஏது? அங்கேயே உட்கார்ந்து ஒரு டைமர் போட்டேன். இழுத்த வரி ஓரத்தில் இருக்கும்வரை டைமர் அடித்துக்கொண்டே இருக்கும், ஒவ்வோர் அடிக்கும் லிஸ்ட் நகரும். முதல் தடவை பிய்த்துக்கொண்டு ஓடியது.

"ஏம்மா, தலைமடையத் தாண்டி கல்லணைக்கே போயிடும் போலருக்கே!"

வேகத்தைக் குறைத்தேன். பாய் மறுபடி பிடித்தார். வரி வரியாக இறங்கி லிஸ்டின் உச்சி வந்தது. விட்டார். கடைமடை வேலாயுதம் முதலிடத்தில் உட்கார்ந்தார். நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து கை தட்டிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் மழை கொட்டியது. பாய் ஆபீசுக்கு போன் போட்டார். "வேலாயுதம் நெல்லு களத்துக்கு வந்தாச்சும்மா. பலகைய கழட்டிட்டேன், அந்த ஆணியில காலண்டர் தொங்குது."

நாங்கள் யாரும் பஸ் ஏறவில்லை. இப்போதும் எதை எழுதினாலும் மவுஸை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, என் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். நீங்களும் அப்படியே நில்லுங்கள்.