லசோட்டாவுக்கு எத்தனாவது இடம்?

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கறிக்கடைக்குப் போவதற்கு முன்பே ரத்தம் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடக்கும் குத்துச்சண்டை நாமக்கல்லுக்கு ஞாயிறு காலையில் கேபிளில் வந்து சேரும். அதே நேரத்துக்கு சேலம் சூரமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து மாமாவும் வந்து சேர்வார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன், ரயில்வேக்காரர். அப்பா அதற்குள் குளித்து, விபூதி வைத்து, டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். கோயிலுக்குக் கிளம்பும்போதுகூட அவர் முகத்தில் அவ்வளவு பக்தியை நான் பார்த்ததில்லை.

டிவியில் சண்டை சீக்கிரம் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகுதான் தொடங்கும். உலகத்தில் இதுவரை பிறந்த குத்துச்சண்டைக்காரர்களிலேயே யார் பெரிய ஆள் என்பதுதான் வழக்கு. அப்பாவுக்கு ஒரு ஆள், மாமாவுக்கு ஒரு ஆள். அந்தச் சண்டைக்காரர்களுக்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பேர்கள் இருந்தன. எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேர்களைச் சொன்னதில்லை. அப்பாவின் ஆள் மலை மாதிரி உடம்புக்காரர், அதனால் ‘பெரியவரு’. மாமாவின் ஆள் குள்ளமாக, துருதுருவென்று இருப்பார், அதனால் ‘சின்னவரு’. ஏதோ பங்காளி வீட்டு ஆட்களைப் பற்றிப் பேசுவதுபோல மரியாதையாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

அப்பா லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்தார். அவருக்கு உலகத்தில் எல்லாமே லோடு கணக்குதான். “லாரியையும் ஆட்டோவையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி எது பெருசுன்னு கேப்பீங்களா மச்சான்?” என்பார். மாமா அதற்கெல்லாம் அசர மாட்டார். “எடைக்கு எடை பாருங்க மாப்ள. ரெண்டு பேரும் ஒரே எடையா இருந்தா உங்காளு எங்காள தொட்டிருவாரா?” என்பார். சின்னவர் ஒரு சண்டைகூடத் தோற்றதில்லை என்று மாமா சொன்னால், தோற்கடிக்கக்கூடிய ஆளோடு நின்றிருந்தால்தானே தோற்பார் என்று அப்பா கேட்பார். பெரியவர் கடைசிக் காலத்தில் அடிவாங்கித் தள்ளாடியதை மாமா எடுத்துவிட்டால் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிடும். வயதான பிறகு வாங்கிய அடியைக் கணக்கில் சேர்ப்பது தர்மமா என்று என்னைப் பார்த்துக் கேட்பார்.

என்னைப் பார்த்து ஏன் என்றால், நான்தான் நடுவர். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சில்வர் டம்ளரும் கரண்டியும் என் கையில் இருக்கும். குரல் ரொம்ப ஏறினால் டம்ளரில் டிங்கென்று அடிப்பேன், இரண்டு பேரும் நிறுத்திவிட்டு டீ குடிப்பார்கள். மறுபடி அடித்தால் மறுபடி தொடங்குவார்கள். அந்த வயதில் இரண்டு ஆம்பளைகளை டம்ளரால் அடக்கிய பெண் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

ஆனால் குத்துச்சண்டையைத் தவிர அவர்கள் வேறு எதுவும் பேசிக்கொள்வதில்லை. சாப்பாடு நன்றாயிருக்கிறது என்று மாமா சொல்ல வேண்டுமானால்கூட அம்மாவிடம்தான் சொல்வார். காரணம் என் காதுகுத்து. அதற்கு அடித்த அழைப்புப் பத்திரிகையில் மாமாவின் பேருக்குப் பின்னால் ‘ரயில்வே’ என்று போடாமல் விட்டுவிட்டார்கள். அதே பத்திரிகையில் அப்பாவின் சித்தப்பா மகனுக்கு ‘பி.ஏ.’ போட்டிருந்தது. அது பாஸாகாத பி.ஏ. என்பது மாமாவின் தரப்பு. அச்சாபீஸ்காரன் விட்டுவிட்டான் என்பது அப்பாவின் தரப்பு. மாமா வந்து, என்னை மடியில் வைத்து, சீரெல்லாம் குறைவில்லாமல் செய்துவிட்டு, பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டார். அன்றைக்குப் பிறகு அந்த இரண்டு பேருக்கும் நடுவில் பாக்கி இருந்தது இந்த ஞாயிற்றுக்கிழமைக் குத்துச்சண்டை மட்டும்தான். அதற்காகத்தான் வருகிறேன் என்று மாமாவே சொல்வார். அவர் குவார்ட்டர்ஸிலும் டிவி இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்போது என் தம்பிக்குக் காது குத்தும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. பழைய சண்டை தீராமல் அண்ணனை எப்படி அழைப்பது என்று அம்மாவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அவளுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருத்தர்தான். ஒரு சனிக்கிழமை அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே, “ஏனுங்க, இந்த ஒருக்காவது எங்கண்ணனுக்கு உட்டுக் குடுங்களேன். அது மனசு குளுந்து போகுமுங்க” என்றாள். அப்பா குழம்பு மட்டும் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

மறுநாள் மாமா ஒரு சிடியோடு வந்தார். சின்னவரின் சண்டைகளாகப் பொறுக்கி எடுத்தது. அப்பா முழுவதையும் பார்த்தார். ஒரு இடத்திலும் வாயைத் திறக்கவில்லை. முடிந்ததும், “நீங்க சொன்னதுதான் சரிங்க மச்சான். உங்காளுதான் பெரிய ஆளு” என்றார்.

நான் டம்ளரை விடாமல் அடித்து மாமா ஜெயித்துவிட்டார் என்று கத்தினேன். மாமா சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது மறுத்துச் சொல்வார் என்று காத்திருந்தாரோ என்னவோ. அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். மாமா டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப நான் வாரேன் அம்மிணி” என்று என்னிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார். அம்மா வாசல் வரை ஓடினாள். “பிச்ச போடறாரா உன்ற ஊட்டுக்காரரு?” என்று அவளிடம் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு மாமா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அப்பா குளித்து விபூதி வைத்து டிவி முன்னால் தனியாக உட்கார்ந்து, பாதியிலேயே அணைத்துவிட்டு எழுந்துபோனார். ஜெயித்தவருக்கும் கோபம், தோற்றவருக்கும் வருத்தம். இது என்ன ஆட்டம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அம்மா பக்கத்துக் கோழிப்பண்ணையில் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பண்ணையில் இருந்த போனிலிருந்துதான் மாமாவைக் கூப்பிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கே போய்விடுவதால் நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். காதுகுத்துக்கு அழைக்க வருவதைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. “அண்ணா, உங்க மாப்ள புதுசா ஆரோ ஒருத்தனச் சொல்றாருங்க. அவன் முன்னால உங்க சின்னவரெல்லாம் ஒண்ணுமே இல்லையாமா” என்றாள். அந்தப் பக்கம் மாமா பேர் கேட்டிருக்க வேண்டும். அம்மா திணறினாள். கண் அங்குமிங்கும் போய், மேசைமேல் ஐஸ் பெட்டியில் வைத்திருந்த மருந்துப் புட்டியில் நின்றது. “லசோட்டா” என்றாள்.

கோழிக்குஞ்சுக்கு வெள்ளைக்கழிச்சல் வராமலிருக்கக் கண்ணில் விடும் சொட்டு மருந்துக்குப் பேர் லசோட்டா. நாமக்கல்லில் பண்ணைப் பக்கம் ஒதுங்கியவர்கள் எல்லாருக்கும் தெரியும். அம்மா குஞ்சை ஒரு கையில் பிடித்து மறு கையால் கண்ணில் அதை விடுவதை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பாவம், அம்மாவுக்குக் குழப்பம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் அதையே திருப்பிப் போட்டாள். “எங்கண்ணன் கேக்குதுங்க, லசோட்டாவ உன்ற ஊட்டுக்காரருக்குத் தெரியுமான்னு.” அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு, “தெரியாம என்ன?” என்றார்.

ஞாயிறு வந்தது. மாமாவும் வந்தார். வந்ததும் வராததுமாக, “அந்த லசோட்டா ஆட்டத்த நீங்க எப்பப் பாத்தீங்க மாப்ள?” என்றார்.

“நீங்க பாத்ததுக்கு முன்னாலயே பாத்தாச்சுங்க.”

“அப்ப சொல்லுங்க, அவன் எந்தக் கையி?”

அப்பா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு இடது கை என்றார். மாமா தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். அவனைப்போய் இடது கை என்கிறவர்களோடு என்ன பேச்சு, அவன் வலது கைக்காரன், இடது கையால் சும்மா போக்குக் காட்டுவான் என்றார். அப்படிப் போக்குக் காட்டுவதைப் பார்த்து ஏமாந்தவர்களில் நீங்களும் ஒருத்தர் என்றார் அப்பா. லசோட்டாவின் நாடு எது என்பதிலும் ஒத்துப்போகவில்லை. அப்பா அர்ஜென்டினா என்றார், மாமா இத்தாலி என்றார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “அவன் பெரிய எடைங்களா, சின்ன எடைங்களா?” என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டாள். அது இன்னொரு மணி நேரத்துக்குப் போதுமானதாக இருந்தது. வெகு நாளைக்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நடுவருக்கென்று ஒரு நேர்மை இருக்கிறது. டம்ளரில் ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டு, “அது கோ...” என்றேன். அதற்குமேல் வரவில்லை. அம்மா பின்னாலிருந்து ஒரு முழு ஆமவடையை என் வாயில் திணித்துவிட்டாள். அது சுடச்சுட இருந்ததால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “புள்ளைக்குப் பசி” என்றாள் அம்மா. லசோட்டா குழப்பமில்லை, பொய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் பொய் சொன்னதை விட, அதைக் காப்பாற்ற வடை ஊட்டியதுதான் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

லசோட்டாவுக்கு எத்தனாவது இடம் என்பது அன்றைக்கு முடியவில்லை. அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்று மாமா எழுந்தபோது, அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போனார். அந்த வழியில்தான் தம்பியின் காதுகுத்துக்கு அழைத்திருக்கிறார். பத்திரிகை வந்தபோது அதில் மாமாவின் பேருக்குப் பின்னால் ரயில்வே என்று போட்டிருந்தது. அப்பா நேரில் அச்சாபீஸில் உட்கார்ந்து போடவைத்த எழுத்து. தம்பி பேரைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது.

குலதெய்வக் கோயிலில் மாமா மடியில் வைத்துத் தம்பிக்குக் காது குத்தினார்கள். அவன் வீறிட்ட வீறலுக்கு மாமாவின் கண்ணும் கலங்கிவிட்டது. அவன் தூங்கிய பிறகு மாமா வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், சீரும் செய்துவிட்டார், அவரை இன்னும் ஏமாற்றுவது சரியில்லை என்று எனக்குப் பட்டது. பக்கத்தில் போய் லசோட்டா என்பது கோழி மருந்து என்று காதோடு சொன்னேன்.

மாமா சிரித்தார். “தெரியும் சாமி. நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல மருந்துக்கட போர்டுலயே எழுதியிருக்குதே. அன்னைக்கு எறங்குனதும் கண்ணுல பட்டுச்சு. உங்கொப்பங்கிட்டச் சொல்லீராத. பாவம், அர்ஜென்டினான்னுட்டாப்ல, சங்கடப்படுவாப்ல.”

எனக்குத் தலை சுற்றியது. அப்படியானால் ஏமாந்துகொண்டிருப்பது அப்பா மட்டும்தான். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்த அப்பாவை ஓரமாக இழுத்துப் போய்ச் சொன்னேன். அவர் கையிலிருந்த இலைக்கட்டைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்தார்.

“உங்கம்மா எத்தன வருசமா அந்த மருந்த ஊத்தறா? எனக்குத் தெரியாதா கண்ணு? மெதுவாப் பேசு. உங்க மாமன் காதுல உழுந்துறப் போகுது. ரோசக்காரரு, மறுபடியும் சாப்பிடாமப் பஸ் ஏறிருவாரு.”

அப்புறம் அவரே போய் மாமாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து முதல் பந்தியில் உட்காரவைத்தார். பக்கத்து இலையில் தானும் உட்கார்ந்தார். சோறு விழுவதற்குள் லசோட்டா பேச்சு ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது இடமாவது கொடுக்க வேண்டும் என்றார் அப்பா. நான்காவதுக்கு மேல் ஒரு அடி நகர விடமாட்டேன் என்றார் மாமா. சுற்றி உட்கார்ந்திருந்த ஒறம்பரைச் சொந்தங்களில் பாதிப் பேர் கோழிப்பண்ணைக்காரர்கள். அவர்கள் ஒன்றும் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ரசத்துக்குக் குழி பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நான் அம்மாவைத் தேடிக்கொண்டு போனேன். கோயிலுக்குப் பின்னால் தம்பியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அங்கிருந்து பந்தி நன்றாகத் தெரியும். அவளுடைய குட்டு உடைந்துவிட்டது என்பதை எப்படியாவது பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அவளைப் பார்த்ததும் பக்குவமெல்லாம் போய்விட்டது.

“அம்மா, அவங்க ரெண்டு பேத்துக்குமே தெரியும்மா” என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு பந்தியில் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து விரலை நீட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அண்ணனையும் புருஷனையும் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. பொய் சொல்லி மாட்டிக்கொண்டோமே என்றுதான் அழுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. பரவாயில்லைம்மா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் என்று அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.